கோதுமைக் கட்டும் ஸொஹாராவின் மறதியும்

ஸொஹாராவின் மறதி அவளுக்கு மட்டும் சொந்தமானதில்லை. நெவே தாகான் ஊருக்கே அது பொதுச் சொத்து. அடுப்பில் அவரைக்கொட்டையை வேகவைத்துவிட்டு வான்கோழிக் கொட்டகைக்குப் போய், தெரு முழுக்கக் கருகல் வாசனை அடித்த பிறகு ஓடி வந்தவள். கைப்பையை டிராக்டர் கூரைமேல் வைத்தபடியே பக்கத்து ஊர் வரை ஓட்டிப் போனவள். ஒரு தடவை பெட்ரோல் பங்கில் தண்ணீர் வாங்க இறங்கிய கணவன் அம்ராமையே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்து, "எங்க போய்த் தொலைஞ்சே?" என்று அவனுக்கே போன் போட்டவள். அம்ராம் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லித்தான் இரண்டாவது கோப்பை சோம்புச் சாராயம் வாங்குகிறான்.

அவள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருவதைக் கேட்டு யாராவது வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. தூர தேசத்து அட்லஸ் மலையிலிருந்து இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த யூதப் பெற்றோருக்கு அரசாங்கம் இந்தக் கல்லுக்காட்டைக் கொடுத்தது. கல் பொறுக்கிய கையோடு பிறந்தவள் அவள். அண்ணன்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் அப்பாவின் டிராக்டர் அவள் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. யாருடைய வீட்டில் குழாய் உடைந்தாலும், யாருடைய ஆடு குட்டி போடத் திணறினாலும், முதலில் வந்து நிற்பது அவள்தான். ஆனால் அந்த மறதியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சௌகரியம் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊர்ப் பொதுவில் ஒரு பண்ணை இருந்தது. கொஞ்சம் கோதுமை, கொஞ்சம் காய்கறி, வேலி ஓரமாக ஒலிவ மரங்கள். தண்ணீர் விடுவதும் உழுவதும் ஸொஹாரா. பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தருவது டிக்லா என்ற குயவர் பெண். வேதத்தில் உள்ள பழைய வேளாண் சட்டங்களைக் கதை மாதிரி சொல்லித்தருவது ஊரின் மத குரு, ரபி மக்லூஃப். வயலின் மூலையை அறுக்காமல் விட வேண்டும், அது ஏழைக்கு. அறுக்கும்போது கையிலிருந்து உதிர்ந்த கதிரைக் குனிந்து எடுக்கக் கூடாது, அதுவும் ஏழைக்கு. அறுத்துக் கட்டிய கட்டு ஒன்றை வயலில் மறந்துவிட்டு வந்தால், எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அதுவும் ஏழைக்குத்தான்.

மூலை விடுவதும் கதிர் உதிர்ப்பதும் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருந்தது. மூலையில் டிக்லாவோடு சேர்ந்து மண்ணால் ஒரு வாசல் செய்து, அதில் பறவைகளும் கைகளும் வரைந்து வைத்தார்கள். மூன்றாவது சட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"ரபி, இந்த வருஷம் நாங்க ஒரு கட்டை மறந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்று போன வருடம் வாயாடி எல்யாஷிவ் எழுந்து நின்று சொன்னான்.

ரபி தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முடிவு பண்ணிட்டியா? அப்ப அது மறதியாடா? இது ஒண்ணுதான் நெனச்சா செய்ய முடியாத புண்ணியம். நெனச்சாலே போச்சு."

"அப்ப எப்படித்தான் செய்யறது?"

"செய்யவே முடியாது. வரும். வந்தா சந்தோஷப்படணும். என் வயசுக்கு எனக்கு வந்ததில்லை."

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அது ஒரு ஏக்கமாகவே ஆகிவிட்டது. கடையில் மீதி வாங்க மறந்தவர்களிடம்கூட, "வயல்ல ஏதாவது மறந்தீங்களா?" என்று கேட்டுத் திரிந்தார்கள்.

இந்த வருடம் ஷாவுவோத் அறுப்புப் பண்டிகைக்கு டிக்லா ஒரு பெரிய ஏற்பாடு வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் வைக்கோலைப் பீட்ரூட்டிலும் மஞ்சளிலும் மாதுளைத் தோலிலும் சாயம் ஏற்றி, பின்னிக் கயிறாக்கி, தன் கட்டைத் தானே கட்ட வேண்டும். முடிச்சின்மேல் ஈரக் களிமண் அப்பி, அதில் தனக்குப் பிடித்த ஒன்றைப் பதிக்க வேண்டும். எல்லாக் கட்டுகளையும் ஊர் மண்டபத்தில் வட்டமாக நிறுத்தி, நடுவில் தரையில் மண்ணும் விதையும் பதரும் கொண்டு ஒரு வயலையே வரைவார்கள். பிள்ளைகளின் வீட்டார் எல்லோரும் வந்து பார்ப்பார்கள்.

அறுப்பு நாளன்று பாலைவனத்துச் சூட்டுக்காற்று அடித்தது. வானம் காய்ந்த ரொட்டி நிறத்தில் இருந்தது. பெரியவர்கள் அரிவாளால் அறுத்துக் கொடுக்க, பிள்ளைகள் கட்டினார்கள். ஸொஹாரா டிராக்டரும் வண்டியுமாக வரிசை வரிசையாகப் போய்க் கட்டுகளை ஏற்றினாள். ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி. "இது யாரோடது, எல்யாஷிவோடதா? உன்னை மாதிரியே வயிறு முன்னால நிக்குது!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அதற்காகவே வருகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசி வரிசையில், ஒலிவ மரத்துக்குப் பக்கத்தில், யிஸ்கா நின்றிருந்தாள். அவளும் அவள் அம்மா மக்வாலாவும் குளிர்காலத்தில்தான் ஊருக்கு வந்தவர்கள். பழம் அடைக்கும் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை. ஊர்க்கோடியில் ஒரு பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். ஒல்லியான, பேசாத பெண். கூட்டத்தில் அவள் இருந்தாள் என்பது அவள் போன பிறகும் தெரியாது.

அவள் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே குறுகி மேலே பரந்து, கதிர்கள் நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு நின்றன.

"அடி என் கண்ணே, இது என்னது, விளக்குமாறா?" என்றாள் ஸொஹாரா. "மண்டபத்தைக் கூட்டறதுக்குன்னு கட்டினியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்யாஷிவ் அதை எடுத்துப் பெருக்குவது போலக் காட்டினான். யிஸ்காவும் சிரித்தாள், உதடு மட்டும் சிரித்தது. அதை ஸொஹாரா பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காத மாதிரி அடுத்த பக்கம் திரும்பினாள். "களிமண் காயட்டும். கடைசியா வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

கடைசியில் என்ன நடந்தது என்பதை அவள் அப்புறம் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் வந்தது. பிள்ளைகள் தண்ணீர்ப் பானைக்கு ஓடிவிட்டார்கள். வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. இறங்கி வேலிக் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது நிமிர்ந்தாள். ஒலிவ மரத்தின் நிழலில் அந்தக் கட்டு தனியாக நின்றது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் போனால் கதவைத் திறக்க வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும், முழு வயலையும் தாண்ட வேண்டும். கழுத்தில் வியர்வை ஊறிக்கொண்டிருந்தது. 'அந்த விளக்குமாறுதானே' என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அவளுடையதுதான். கொக்கியை மாட்டினாள். திரும்பும்போது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் யிஸ்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் கட்டுகளை வட்டமாக நிறுத்தினார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது, பல் விழுந்த வாய் மாதிரி.

"இங்க யாரோடது?" என்றாள் டிக்லா.

"யிஸ்காவோடது" என்றான் எல்யாஷிவ். "வயல்லயே நிக்குது! ஸொஹாரா விட்டுட்டு வந்துட்டாங்க!"

எல்லோரும் ஸொஹாராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"ஐயையோ, மறந்துட்டேன்!"

மூலையில் நாற்காலியில் இருந்த ரபி மக்லூஃப் துள்ளி எழுந்தார். "என்ன சொன்னே? மறந்துட்டியா? நிஜமாவா?"

"ஆமா... மறந்து..."

"வேணும்னு இல்லையே? நெனப்பே வரலையே?"

ஸொஹாரா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"பொறு, பொறு. சட்டத்துல இன்னொண்ணு இருக்கு. வேலை செய்யறவ மறந்தா மட்டும் போதாது. சொந்தக்காரரும் மறந்திருக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஞாபகம் இருந்தாலும் அது மறந்த கட்டு இல்லை, போய் எடுத்துக்கலாம்." ரபி சுற்றிலும் பார்த்தார். "கட்டினவதான் சொந்தக்காரி. எங்கே அந்தப் பொண்ணு? யிஸ்கா, கண்ணு, நீயும் மறந்துட்டியா?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். யிஸ்கா நிமிர்ந்து ஸொஹாராவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "மறந்துட்டேன்."

அப்போது எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. பிள்ளைகள் குதித்தார்கள். ரபி இரண்டு கைகளையும் தூக்கி, இதைப் பார்க்க வைத்த கடவுளுக்கு நன்றி சொன்னார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கலாச்சாரக் குழுத் தலைவி ஜாக்லீன் ஓடி வந்து ஸொஹாராவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். "கபாரா, என் தங்கமே, உன் மறதி கடைசியில ஒரு காரியத்துக்கு ஆச்சு பாரு! நாளைக்கு விழாவுல இதைத்தான் முக்கியமா வைக்கப் போறேன்."

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். ஸொஹாரா சிரித்துக்கொண்டே நின்றாள். யிஸ்கா காலியான இடத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, கையில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு தட்டுகள் கேக், பக்கத்து வீட்டார் வைத்துவிட்டுப் போனது. அம்ராம் ஒன்றைத் தின்றுகொண்டே வரவேற்றான்.

"வா, வா, புண்ணியவதி! மறந்ததுக்குக் கேக் குடுக்கற ஊரை எங்கேயாவது பார்த்திருக்கியா? என்னைப் பெட்ரோல் பங்குல மறந்தப்ப ஒரு பிஸ்கட்டாவது வந்துச்சா?"

"சும்மா இரு."

"அன்னிக்கு என்னை எந்த ஏழை வந்து எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும்?"

"சும்மா இருன்னு சொன்னேன்ல!"

அம்ராம் கேக்கைக் கீழே வைத்தான். அவள் அப்படிக் கத்துகிறவள் இல்லை. ஸொஹாரா அவரைக்கொட்டையைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். கல்லையும் கொட்டையையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறந்துட்டேன். அந்த வார்த்தை எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! அக்கா அலெக்ரியா இடுப்பு ஒடிந்து வடக்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த மருந்து நாற்றத்தையும் அக்காவின் புலம்பலையும் நினைத்து வாரத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அக்காவே வீடு திரும்பி போன் செய்தாள். "ஐயோ அக்கா, அறுப்பு மும்முரத்துல மறந்தே போச்சு!" அக்கா சிரித்தாள். "உன்னைத் தெரியாதா எனக்கு" என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஸொஹாராவும் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது நினைக்கும்போது, அக்கா என்ன தெரியும் என்று சொன்னாள் என்பதே சந்தேகமாகிவிட்டது.

மறந்தது கொஞ்சம்தான். வேண்டாம் என்று விட்டதுதான் அதிகம். அவரைக்கொட்டையை உண்மையாகவே மறந்தாள், அதற்குத் திட்டு வாங்கினாள். பிள்ளையின் கட்டை மறக்கவில்லை, அதற்குக் கேக் வந்திருக்கிறது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்றதைக் கையில் துப்பித் தட்டோரம் வைத்தாள்.

மறுநாள் மதியம் காய்கறிக்குத் தண்ணீர் திறக்கப் போனபோது வேலிக்கு வெளியே யிஸ்கா நின்றிருந்தாள். புத்தகப் பை முதுகில். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒலிவ மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டின்மேல் இரண்டு சிட்டுக்குருவிகள் உட்கார்ந்து கொத்தின.

"வெயில்ல என்ன பண்றே, கண்ணு?"

"சும்மா பார்க்கறேன்."

"உள்ள வந்து பாரேன்."

"வரக் கூடாது. அது இப்ப என்னோடது இல்லை. ஏழைங்களோடது. ரபி சொன்னாரே."

ஸொஹாரா குழாயைத் திறந்தாள். தண்ணீர் போகிற சத்தம் கொஞ்ச நேரம் உதவியாக இருந்தது. பிறகு அதுவும் போதவில்லை.

"யிஸ்கா. நீ மறக்கலைதானே?"

பெண் திரும்பவில்லை. "நீங்களும் மறக்கலைதானே?" என்றாள்.

சூட்டுக்காற்று நின்றுபோய்விட்டது, ஆனாலும் ஸொஹாராவுக்கு முகம் எரிந்தது.

"நீங்க கதவைச் சாத்தறப்ப அதைப் பார்த்தீங்க. நான் பார்த்தேன்."

"அப்ப ஏன் சத்தம் போடலை? 'ஸொஹாரா, என்னோடதை விட்டுட்டீங்க'ன்னு ஒரு கத்துக் கத்த வேண்டியதுதானே? எல்யாஷிவா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பானே!"

"உங்களுக்கு அது வேண்டாம்னு நெனச்சேன்." யிஸ்கா கம்பியை விரலால் தட்டினாள். "அழகா இல்லைல. விளக்குமாறு மாதிரி இருந்துச்சு. மண்டபத்துல வச்சா நல்லா இருக்காதுன்னுதான் விட்டுட்டீங்கன்னு."

ஸொஹாரா வாயைத் திறந்தாள். 'இல்லடி கண்ணு, அப்படி இல்லை' என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அப்படித்தான் இருந்தது. வெயில், கதவு, தூரம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. எல்யாஷிவின் கட்டு அங்கே நின்றிருந்தால் அவள் போயிருப்பாள். திட்டிக்கொண்டே போயிருப்பாள், ஆனால் போயிருப்பாள்.

"அப்புறம் ரபி கேட்டப்ப ஏன் ஆமான்னு சொன்னே?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. அவர் அழுதாரு வேற." கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் அப்படித்தானே சொல்லியிருந்தீங்க" என்றாள். பையைச் சரி செய்துகொண்டு நடந்துவிட்டாள். நாலடி போய்த் திரும்பினாள். "முத்திரையில அம்மாவோட கோட்டுப் பொத்தானைப் பதிச்சிருக்கேன். ஜார்ஜியாவுல இருந்து வந்த கோட்டு. எடுக்கறவங்க பார்ப்பாங்கல்ல?"

"பார்ப்பாங்க" என்றாள் ஸொஹாரா.

தண்ணீர் நிரம்பி வழிந்து தக்காளிப் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அப்போதே ரபி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ரபியின் கலங்கிய கண்ணும், ஜாக்லீனின் வாயும், ஊர் சிரிக்கப்போகிற சிரிப்பும் கண் முன்னால் வந்தன. இத்தனை வருடம் ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது. அது வேறு சிரிப்பு. 'ஒரு நாள் கூத்து. நாளைக்குப் பிள்ளை மறந்துடும்' என்று சொல்லிப் பார்த்தாள். மறந்துவிடும் என்ற வார்த்தை நாக்கிலேயே கசந்தது.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சட்டைகள், தலையில் பூவளையம் வைத்த பிள்ளைகள், நீள மேசையில் பாலாடைக்கட்டி வைத்த அப்பங்களும் பால் சோறும். தரையில் பிள்ளைகள் வரைந்த வயல் மூச்சு விடுவது போலக் கிடந்தது. காலி இடத்தில் ஜாக்லீன் ஒரு சின்ன விளக்கை வைத்து, பூவால் அலங்கரித்திருந்தாள். வட்டாரச் செய்தித்தாளிலிருந்து ஒரு புகைப்படக்காரர்கூட வந்திருந்தார்.

ரபி பேசினார். மறதி எப்படிப்பட்ட வரம் என்று சொன்னார். பிள்ளைகள் பாடினார்கள். பிறகு ஜாக்லீன் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள்.

"இப்ப முக்கியமான விஷயம். மறந்த கட்டு அங்க வயல்ல காத்துக்கிட்டு இருக்கு. அதை எடுத்துக்கறதுக்கு ஒருத்தர் வேணும். வெளியூர்ல இருந்து யாரையாவது கூப்பிடலாம்னு யோசிச்சேன். அப்புறம் தோணிச்சு, நம்ம ஊர்லயே, நம்ம நடுவுலயே..." அவள் கண் கூட்டத்தில் தேடியது. அவள் நல்ல எண்ணத்தோடுதான் தேடினாள், அதையும் சொல்லியாக வேண்டும். "மக்வாலா! மக்வாலா கண்ணு, எங்க இருக்கே? வா முன்னாடி. கூச்சப்படாதே. நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே? இது உனக்கு வரவேண்டியது. சட்டமே சொல்லுது."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். புகைப்படக்காரர் கருவியைத் தூக்கினார். கடைசி வரிசையில் மக்வாலா எழுந்தாள். வேலைக்கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைக்கட்டு மட்டும் புதியது. மறுக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பாவாடையைத் தடவிச் சரிசெய்துகொண்டு, உதட்டில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு, நடக்கத் தொடங்கினாள்.

அந்தச் சிரிப்பை ஸொஹாராவுக்குத் தெரியும். வயலில் ஒரு சின்ன முகத்தில் பார்த்தது. யிஸ்கா எங்கே என்று தேடினாள். பிள்ளைகள் வரிசையில், பூவளையம் கண்வரை இறங்கியிருக்க, தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கையால் கட்டிய கட்டை, அம்மாவின் பொத்தானைப் பதித்த கட்டை, ஊர் தன் அம்மாவுக்குத் தானமாகக் கொடுப்பதைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"நான் மறக்கலை!"

கைதட்டல் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. ஸொஹாரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"ஜாக்லீன், நிறுத்து! அந்த மைக்கைக் கீழ வை. நான் மறக்கலை. அந்தக் கட்டை நான் பார்த்தேன். கதவைச் சாத்தறப்ப பார்த்தேன், பார்த்துட்டுத்தான் விட்டேன்."

கைதட்டல் நின்றது. மக்வாலா பாதி வழியில் நின்றாள்.

"ஸொஹாரா, கபாரா, என்ன உளர்றே?" என்றாள் ஜாக்லீன். "நீதானே மறந்தேன்னு சொன்னே?"

"சொன்னேன். பொய். வாய்க்குப் பழக்கமாயிடுச்சு. போய் எடுக்கச் சோம்பலா இருந்துச்சு. அதுவும் முழு உண்மை இல்லை." ரபியின் முகத்தைப் பார்க்காமல் தரையில் இருந்த வயலைப் பார்த்துச் சொன்னாள். "அது கோணலா இருக்குன்னு விட்டேன். பிள்ளை முன்னாலயே விளக்குமாறுன்னு சொல்லிச் சிரிச்சேன். எல்லாரையும் சிரிக்க வச்சேன். அதுக்கப்புறம் நீங்க குடுத்த கேக்கையும் வாங்கி வச்சுக்கிட்டேன்."

"அட, நாமதான் தின்னோமே" என்று அம்ராம் முனகியது எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ரபி மக்லூஃப் மெல்ல உட்கார்ந்தார். நேற்றைக்கு இருந்த வெளிச்சம் அவர் முகத்தை விட்டுப் போவதை ஸொஹாரா பார்த்தாள். அவள் செய்த இரண்டாவது கெடுதல் அதுதான்.

"யிஸ்கா" என்றார் அவர், மெதுவாக. "நீ சொல்லு. உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். "இருந்துச்சு."

"சரி." அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப அது மறந்த கட்டே இல்லை. யாருக்கும் குடுக்கறதுக்கில்லை. பிள்ளையோடது பிள்ளைக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

புகைப்படக்காரர் கருவியை இறக்கினார். ஜாக்லீன், "என் ஏற்பாடெல்லாம் பாழ்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டாள். யாரோ ஒரு கிழவர், "ரெண்டு தட்டு கேக்!" என்றார். மக்வாலா இன்னும் நடுவழியில்தான் நின்றிருந்தாள். மாட்டியிருந்த சிரிப்பு கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாக முகத்தில் வந்தது கோபம். ஸொஹாராவைத் தாண்டிப் போய் மகளின் கையைப் பிடித்தாள். "வா, நாம நடந்தே போகலாம்."

"டிராக்டர் வெளியதான் நிக்குது" என்றாள் ஸொஹாரா.

"நடந்தே போகலாம்" என்றாள் மக்வாலா மறுபடியும்.

"தூரம்மா" என்றாள் யிஸ்கா. "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள வரணும்ல."

அப்படியாக மூவரும் டிராக்டரில் போனார்கள். ஸொஹாரா மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். எஞ்சின் சத்தத்தில் அது எடுபடாது என்று விட்டாள். பிறகு, அதுவும் ஒரு சௌகரியம்தான் என்று உறைக்க, வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருவர் பக்கமும் திரும்பிச் சொன்னாள். மக்வாலா மகளின் பூவளையத்தைச் சரிசெய்தாள். யிஸ்கா, "பள்ளம் இருக்கு, பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

கட்டு இன்னும் கோணலாகத்தான் நின்றது. குருவிகள் ஒரு பக்கத்தைக் காலி செய்திருந்தன. எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஸொஹாரா தூக்கக் கை நீட்டினாள்.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் யிஸ்கா.

அது அவள் உயரத்துக்கு இருந்தது. கட்டிப்பிடித்துத் தூக்கி, கதிர்கள் முகத்தில் குத்த, தடுமாறித் தடுமாறி வரப்பைத் தாண்டினாள். மக்வாலா முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த மண்ணில் நான்கு துளைகளும் விளிம்புப் பூவேலையும் அப்படியே பதிந்திருந்தன. தன் கோட்டின் கழுத்தைத் தானாகத் தடவப் போனாள். வெயில் காலம், கோட்டு வீட்டில் இருந்தது.

மண்டபத்தில் விளக்கையும் பூவையும் நகர்த்திவிட்டுக் கட்டை அதன் இடத்தில் வைத்தார்கள். கையை எடுத்ததும் சாய்ந்தது. யிஸ்கா நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்து எல்யாஷிவின் கட்டின்மேல் விழுந்தது. சுற்றிலும் ஒரு முணுமுணுப்பு. பாட்டு ஆரம்பிக்கப் போகிறது, பிள்ளைகள் கைகோத்து வட்டத்துக்கு நிற்கிறார்கள், அவளையும் கூப்பிடுகிறார்கள். அவள் கட்டை விட்டுப் போக முடியாமல் நின்றாள்.

ஸொஹாரா பின்பக்கமாகப் போய்ச் சுவருக்கும் கட்டுக்கும் நடுவில் நுழைந்தாள். முழங்காலை முட்டுக் கொடுத்தாள். ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டாள்.

"நீ போய் ஆடு" என்றாள்.

யிஸ்கா நம்பாதவள் போலப் பார்த்தாள். கட்டின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டி, நிற்கிறதா என்று சோதித்தாள். பிறகு போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பாடினார்கள், ஆடினார்கள். பெரியவர்கள் தரை வயலைச் சுற்றி வந்தார்கள். பிள்ளைகள் பண்டிகை வழக்கப்படி ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி ஓடினார்கள். முழங்கால் வலித்தது, பிறகு மரத்தது. கதிர்முனை ஒன்று கழுத்துக்குள் புகுந்து குத்திக்கொண்டே இருந்தது. ரபி ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தார், கட்டைப் பார்த்தார், போய்விட்டார். மக்வாலா வரவே இல்லை.

மேசைப் பக்கம் கூட்டம் கூடியது. அம்ராம் தட்டோடு எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏய் ஸொஹாரா! அப்பம் தீரப்போகுது! சாப்பாட்டையே மறந்துட்டியா?"

வட்டத்தின் அந்தக் கோடியில் யிஸ்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். ஸொஹாரா முழங்காலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி முட்டுக் கொடுத்தாள்.

"மறக்கலை" என்றாள்.